காலை 4, மாலை 4

மே 2
காலை 4 டிகிரி. மாலை 4 டிகிரி.

இந்த நோட்டைக் கோயம்புத்தூர்க் கடைக்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். தேதி, காலை வெப்பநிலை, மாலை வெப்பநிலை, கடைசியில் ‘குறிப்பு’ என்று அகலமாக ஒரு கட்டம். மாவு வைக்கிற ஃப்ரிட்ஜில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று தினமும் இரண்டு வேளை பார்த்து எழுத வேண்டுமாம். மாதக் கடைசியில் வைஷாலி என்கிற தர அதிகாரி வந்து நோட்டைப் பார்ப்பாராம். பார்ப்பதற்கு ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்தார்கள். அதை உறை பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஃப்ரிட்ஜ் வாங்கிய அன்றே கடைப் பையன் நாலு டிகிரியில் வைத்துக் கொடுத்தான். அது மாறவா போகிறது? மாதம் முழுவதற்கும் காலை 4, மாலை 4 என்று ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன். குறிப்புக் கட்டம்தான் காலி. அதில் என் மனசில் இருப்பதை எழுதப் போகிறேன். மாதக் கடைசியில் வேறு நோட்டில் எண்களை மட்டும் எடுத்தெழுதிக் கொடுத்துவிட்டால் போயிற்று.

விஷயம் இதுதான். பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பேருடைய இட்லி மாவு அவர்களின் ஏழு கடைகளுக்குப் போகிறது. ஒன்று என்னுடையது, திலகமணி மாவு. மற்றது அடுத்த தெரு பூங்கோதையுடையது. ஜூன் முதல் தேதியிலிருந்து ஒருவருடைய மாவுக்குத்தான் இடம் என்று கடிதம் வந்திருக்கிறது. யாருடைய பாக்கெட் குறைவாகத் திரும்பி வருகிறதோ, யாருடைய நோட்டு ஒழுங்காக இருக்கிறதோ, அவர்களுக்கு.

அவளுக்குப் போகக் கூடாது. எனக்குக் கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். அப்படியில்லை, எனக்குக் கிடைக்கவும் வேண்டும்.

மே 3
காலை 4. மாலை 4.

எண்பது பாக்கெட் போனது. பதினொன்று திரும்பி வந்தது. பலூன் மாதிரி உப்பி, ஓரம் பிரிந்து, கிரேட்டெல்லாம் மாவு.

குளிர் வண்டி காலை எட்டு மணிக்கு முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். என் மஞ்சள் கிரேட்டுகள் ஐந்தையும் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவில் பூங்கோதையின் பச்சைக் கிரேட்டுகளை ஏற்றும். அங்கிருந்து காளான்காரர், பனீர்காரர் என்று பொறுக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போகும். சாயங்காலம் திரும்பும்போது கெட்டுப்போனதைக் கொண்டுவந்து போடும். ஓட்டுநர் நாச்சிமுத்து. ஐம்பது வயது, நல்ல மனிதர் என்று ஊரில் சொல்கிறார்கள்.

"அவளுக்கு எத்தனைங்க திரும்புச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுங்க்கா."

ஒரே வண்டி. ஒரே ரோடு. ஒரே வெயில். எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்று. இதைக் கணக்குப் பாடத்தில் முட்டை வாங்கியவள்கூடப் புரிந்துகொள்வாள். வண்டிக்குள் ஏதோ நடக்கிறது.

மே 5
காலை 4. மாலை 4.

மகளிர் குழுக் கூட்டம். பூங்கோதை வந்திருந்தாள். மாம்பழக் கலரில் புதுச் சேலை. கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தால் அயர்ன் பண்ணிக் கட்டியது போல இருந்தது. மாவு ஆட்டுகிறவளுக்கு அயர்ன் பண்ண எங்கே நேரம்?

நானும் அவளும் ஒரே நாளில், ஒரே குழுக் கடனில் கிரைண்டர் வாங்கினோம். போன வருடம் கோயம்புத்தூரில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். நான் போகவில்லை. இருபது வருடமாக மாவு ஆட்டுகிறவளுக்கு என்ன வகுப்பு? அவள் போனாள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாளாம்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? முந்தின நாள் மத்தியானமே அரைச்சு, ராத்திரி பூரா ஃப்ரிட்ஜுல குளிர வெச்சு ஏத்துங்க்கா. வண்டி குளிர வெக்காதுங்க்கா. குளுந்திருக்கறத அப்படியே கொண்டுபோயிச் சேக்கும், அவ்வளவுதான்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. என் பாக்கெட்டில் ‘இன்று அரைத்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். காலை நாலு மணிக்கு எழுந்து அரைத்து, ஏழு மணிக்குப் பாக்கெட் போட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, எட்டுக்கு வண்டியில் ஏற்றுகிறேன். பொள்ளாச்சியில் வேறு யார் செய்கிறார்கள்?

"நேத்து அரைச்ச மாவ இன்னைக்கு அரைச்சதுன்னு ஊரை ஏமாத்தச் சொல்றயா? எனக்கே பாடம் எடுக்கறயா நீயி?"

கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள், "அப்படியில்லீங்க்கா" என்று சொல்லிவிட்டு டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லவள் மாதிரி நடிப்பதற்கும் அந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

மே 8
காலை 4. மாலை 4.

கத்திரி வெயில் கொளுத்துகிறது. பதின்மூன்று திரும்பியது. அவளுக்கு இரண்டு. இரண்டு என்று கேட்டதும் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மே 9
காலை 4. மாலை 4.

கண்டுபிடித்துவிட்டேன். வண்டிக்குள் தலைமாட்டில் குளிர்க் காற்று ஊதுகிற பெட்டி இருக்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கிற இடம் பூங்கோதைக்கு. என் கிரேட்டுகள் நடுவில்.

"எனக்கு அந்த இடந்தான் வேணும்" என்று வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, கதவச் சாத்துங்க. குளிரெல்லாம் வெளிய போகுது."

"அவளுக்கு மட்டும் காத்து, எனக்கு மட்டும் புழுக்கமா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகோணும்."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டுக்கொண்டு மாற்றி அடுக்கினார். பத்து நிமிடம் ஆனது. அதுவரை கதவு திறந்தேதான் இருந்தது, அது அவர் பிரச்சினை.

மே 10
காலை 4. மாலை 4.

காற்றுப் பெட்டிக்கு நேர் கீழே வைத்தும் பன்னிரண்டு திரும்பியது.

மே 12
காலை 4. மாலை 4.

திரும்பி வந்த கிரேட்டுகளின் அடியில் ஈரம். பாக்கெட்டின் மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக. வண்டி ஒழுகுகிறது போலிருக்கிறது. குளிர் வண்டிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். மேலாளர், "கவனிக்கிறோம் மேடம், உங்கள் திருப்திதான் எங்கள் திருப்தி" என்றார். போன வாரம் வண்டி முக்கால் மணி தாமதமாக வந்தபோதும் இதைத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி கொப்பரைக் களத்தில் வேலை பார்க்கிறார். வந்ததும் வராததுமாக, "ஃப்ரிட்ஜுல கைய வெச்சா வெதுவெதுங்குது தெலகா, மோர் புளிச்சுக் கெடக்குது" என்கிறார். காலையில் எண்பது பாக்கெட்டையும் அடைத்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு மணி நேரம்தானே? மோருக்காக நான் தொழிலை விட முடியுமா?

மே 14
காலை 4. மாலை 4.

இன்றைக்குக் கையும் களவுமாக ஒன்று சிக்கியது. சாயங்காலம் வந்த என் மஞ்சள் கிரேட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. உள்ளே நீலக் கலரில் கொழகொழவென்று ஏதோ தண்ணீர். மூலையில் மார்க்கர் பேனாவால் ‘பூ’ என்று எழுதியிருக்கிறது.

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

வெதுவெதுப்பான தண்ணீர்ப் பையை என் மாவுக்கு நடுவில் வைத்தால் மாவு பொங்காமல் என்ன செய்யும்? இதுதான் விஷயம். இதற்குத்தான் அந்தப் பசப்பு, அந்த அக்கா அக்கா எல்லாம்.

வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தடுப்பூசி போடற நர்சம்மா டப்பாவுல வெச்சிருப்பாங்களே, அந்த ஐஸ் பையாட்ட இருக்குது" என்றார்.

"ஐஸுன்னா குளுரோணுமா வேண்டாமா? தொட்டுப் பாருங்க."

"சாயங்காலம் வரைக்கும் ஐஸு ஐஸாவே இருக்குமா?"

அவர் எப்போதும் அடுத்த வீட்டுக்குத்தான் வக்கீல். பையை ஆதாரமாக ஒரு பழைய சேலையில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மே 15
காலை 4. மாலை 4.

காலையில் வண்டி கிளம்பியதும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். அவள் வீட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. அதன் தட்டிக்குப் பின்னால் நின்றேன். டீக்கடைக்காரர், "என்னங்க அம்மிணி, இங்க நிக்கறீங்க?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு என்றேன். ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றதை அவர் பார்த்தார்.

பூங்கோதை தன் கிரேட்டுகளை ஏற்றினாள். பிறகு ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வண்டிக்குள் ஏறினாள். என் மஞ்சள் கிரேட்டின் மூடியைத் திறந்தாள். உள்ளே கையை விட்டாள். அடுத்த கிரேட். அதற்கடுத்தது. நாச்சிமுத்து சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார்! ஐந்து கிரேட்டிலும் கை வைத்துவிட்டு, இறங்கி, கையை உதறிச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

போட்டோ எடுத்துவிட்டேன். அவசரத்தில் முதல் படம் டீக்கடைத் தட்டிதான் விழுந்தது. இரண்டாவதில் அவள் கை என் கிரேட்டுக்குள் இருப்பது தெளிவாகத் தெரிகிறது.

மே 16
காலை 4. மாலை 4.

கம்பெனிக்குப் பெயர் போடாமல் புகார் எழுதி, படத்தோடு அனுப்பினேன். கடைக்காரர்களுக்கும் ஒரு நகல். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

‘பூங்கோதை என்பவர் அடுத்தவர் சரக்குப் பெட்டிகளைத் திறந்து, மாவு கெட்டுப்போகும்படி வெந்நீர்ப் பைகளை வைக்கிறார். இதற்கு ஓட்டுநர் உடந்தை. என் பெயரைத் தெரிவிக்க விரும்பவில்லை. தக்க நடவடிக்கை எடுக்கவும்.’

‘வெதுவெதுப்பான’ என்றுதான் முதலில் எழுதினேன். அது வலுவாக இல்லை.

மே 18
காலை 4. மாலை 4.

நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்! ஒருவரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, எதையும் சோதிக்கவில்லை. இரண்டே நாள். சேவை என்றால் இதுதான் சேவை. இனி பூங்கோதையின் சரக்கை எங்கள் வண்டி ஏற்றாது. உடுமலையிலிருந்து வருகிற இன்னொரு வண்டி புறவழிச்சாலை முக்கில் ஏழே காலுக்கு நிற்கும், அங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

சாயங்காலம் அவளே வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, இனி நான் உங்க வண்டியில வரமாட்டனுங்க்கா. ரூட்டு மாத்திட்டாங்க, ஏன்னு சொல்லல."

"அப்படியா?"

"அதனால சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். முந்தின நாளே அரைச்சுக் குளிர வெச்சிருங்க்கா. வெய்யக் காலம். இல்லீன்னா இனிமே ரொம்பக் கஷ்டமாயிரும் உங்களுக்கு."

எப்படிச் சாபம் விடுகிறாள் பாருங்கள். அதுவும் என் வாசலில் நின்றுகொண்டு. காபி குடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை.

மே 19
காலை 4. மாலை 4.

முப்பத்தெட்டு.

மே 20
காலை 4. மாலை 4.

நாற்பத்து நாலு. பாதிக்கு மேல். ஆர்.எஸ்.புரம் கடையில் ஒரு பாக்கெட் அலமாரியிலேயே வெடித்துப் பக்கத்திலிருந்த தயிரெல்லாம் மாவாம்.

இப்போது அவள் கை என் கிரேட்டில் படவில்லையே, பிறகும் ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். சாபம் என்றேன். "சாபத்துக்கு டிகிரி உண்டா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 21
காலை 4. மாலை 4.

ஏழு மணிக்குத் தக்காளி வாங்கப் புறவழிச்சாலை வரை போயிருந்தேன். தக்காளி எங்கள் தெருவிலேயே கிடைக்கும்தான். அங்கே கொஞ்சம் நன்றாக இருக்கும்.

பூங்கோதை டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் மூன்று, முன்னால் ஒன்று என்று பச்சைக் கிரேட்டுகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். மேல் கிரேட்டின் கயிறு தளர்ந்து, வேகத்தடையில் சரிந்து விழுந்தது. பாக்கெட்டுகள் ரோட்டில் சிதறின. ஒரு லாரி இரண்டின் மேல் ஏறிப் போனது. அவள் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் குனிந்து குனிந்து பொறுக்கினாள். அதே மாம்பழக் கலர் சேலை. கசங்கியிருந்தது.

எனக்கு இனித்தது. ஒரு நிமிடம் வரைக்கும் இனித்தது. பிறகு அவள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்ப்பது போலிருந்தது. நான் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவசரம். அடுப்பில் பால் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

தக்காளி வாங்க மறந்துவிட்டது.

மே 24
காலை 4. மாலை 4.

வண்டிக் கம்பெனியைப் பற்றி நேரில் சண்டை போடக் கோயம்புத்தூர் போனேன். தர அதிகாரி வைஷாலிக்கு, எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். மாத ஆரம்பத்திலிருந்தே எங்கள் இரண்டு பேருடைய கிரேட்டுகளிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி ஒட்டியிருக்கிறார்களாம். வண்டியில் ஏறி இறங்கும் வரை எத்தனை டிகிரி என்று அது தானாகவே குறித்துக்கொள்ளுமாம். என் கிரேட்டில் ஒட்டியது எனக்குத் தெரியாது. மூடிக்கு உள்பக்கம் இருந்ததை நான் கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன்.

"பூங்கோதை மேடத்தோட மாவு ஏறும்போதே அஞ்சு டிகிரி. உங்களோடது ஏறும்போதே இருபத்தாறுங்க மேடம்."

"அந்தக் கருவி தப்பு. எங்க ஃப்ரிட்ஜு நாலு டிகிரி. நோட்டுல எழுதியிருக்கேன்."

"சரிங்க, நோட்டைப் பார்க்கிறேன். ஆனா இதைப் பாருங்க. பதினெட்டாம் தேதி வரைக்கும் உங்க கோடு மடமடன்னு இறங்குது, கடைக்கு வரும்போது பன்னெண்டு. பதினெட்டுக்கு அப்புறம் இறங்கவே மாட்டேங்குது. அன்னிக்கு என்னங்க மாறுச்சு?"

தெரியாது என்றேன். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனாலும் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பூங்கோதை மேல ஒரு புகார் இருக்கு. அடுத்தவங்க சரக்குல கை வெச்சதா போட்டோவோட வந்திருக்கு. அது இருக்கிற வரைக்கும் அவங்களை எடுக்க முடியாதுங்க. அதனால கடைசி ரெண்டு மூணு நாள் சரக்கு நல்லா வந்து, உங்க நோட்டும் சரியா இருந்தா, உங்களுக்குத்தான் மேடம்."

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெற்றி பெற்றவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பதினெட்டு, பதினெட்டு என்று அந்தத் தேதியே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மே 26
காலை 4. மாலை 4.

காலையில் நாச்சிமுத்துவிடம் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அவ எங்கிரேட்டுக்குள்ள என்னத்த வெச்சா?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். "சொன்னா எம்பொழப்புல மண்ணப் போட்ற மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஐஸ் பைங்க்கா. கிரேட்டுக்கு ரெண்டு, மொத்தம் பத்து. அவிய ஃப்ரீசர்ல கல்லாட்டம் ஒறைய வெச்சுக் கொண்டாருவாங்க. உங்க மாவு சுடச்சுட ஏறுதுங்க்கா. வண்டி பூராவையும் அது சூடாக்குது. மொத மாசம் உங்களுக்கு முப்பது நாப்பதுன்னு திரும்புச்சே, நெனப்பிருக்கா? அப்பறந்தான் அந்தப் புள்ள ஏங்கிட்டக் கேட்டு வெக்க ஆரம்பிச்சுது. சாயங்காலம் நான் பொறுக்கிக் கொண்டுபோயித் திருப்பிக் குடுத்துருவேன். ஒரு நாள் ஒண்ணு கொறஞ்சு போச்சு."

"அவ மாவு கெட்ரக்கூடாதுன்னு வெச்சிருப்பா."

"நானும் அப்படித்தானுங்க கேட்டேன். அப்ப எங்கிரேட்டுக்கே வெச்சுக்குவனே, அக்காளுக்கு எதுக்கு வெக்கறேன்னு சிரிச்சுது."

"ஏங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

நாச்சிமுத்து என்னையே பார்த்தார். "கூட்டத்துல ஒரு தடவ சொன்னாங்களாமே?" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 27
காலை 4. மாலை 4.

கிரைண்டரைக் கழற்றித் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மே 28
காலை 4. மாலை 4.

நேற்று மத்தியானம் நாற்பது பாக்கெட்டுக்கு மட்டும் அரைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இடம் விட்டு அடுக்கிக் குளிர வைத்து, இன்று ஏற்றினேன். ‘இன்று அரைத்தது’ என்ற இடத்தில் கறுப்பு மை பூசினேன்.

ஒன்றுகூடத் திரும்பவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு எரிகிறது. அவள் சொன்னது சரியாக இருந்திருக்க வேண்டாம். தப்பாகச் சொல்லியிருந்தால் நான் எத்தனை நிம்மதியாக இருந்திருப்பேன்! எனக்கு உபகாரம் செய்துவிட்டு, அதை எனக்கே தெரியாமல் செய்துவிட்டு, சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் யாருக்காவது அப்படிச் செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மே 29
காலை 4. மாலை 4.

வைஷாலி போன் செய்தாள். நேற்றுச் சரக்கு அருமையாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறாளாம். "நோட்டு மட்டும் ரெடியா வெச்சிருங்க மேடம்."

கடைக்குப் போய் அதே மாதிரிக் கோடு போட்ட நோட்டு வாங்கினேன். இரண்டு கலர்ப் பேனா. எண்களை எடுத்தெழுத உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நாலு நாலுன்னு போட்டா எவ நம்புவா? அங்கங்க மூணே முக்கால், நாலே கால்னு போடு" என்றார். கேலியா யோசனையா என்று தெரியவில்லை. நான் போட்டேன். பார்க்க நிஜம் போலவே இருந்தது.

பிறகு எதற்கோ சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து உறையைப் பிரித்தேன். நாற்பது பாக்கெட் மட்டும் இடம் விட்டு அடுக்கியிருந்த ஃப்ரிட்ஜிலேயே பதினொன்று காட்டியது. காலையில் எண்பதையும் அடைத்த நாட்களில் இன்னும் மேலேதான் இருந்திருக்கும். இந்த மாதத்தில் ஒரு நாள்கூட நாலு இருந்திருக்காது.

மே 30
காலை 4. மாலை 4.

பீரோவைத் திறந்து நீலப் பையை எடுத்துக்கொண்டு பூங்கோதை வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் ஒன்றரை வருடமாக நான் போனதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. காலண்டர் ஆணியில் பின் குத்தித் தொங்கியது. பெரிய ஃப்ரீசருக்கு மேல் பஞ்சாங்கமும் மருந்துச் சீட்டும் இருந்தன. டிவிஎஸ்ஸிலிருந்து விழுந்தாளோ என்னவோ, அவளுடைய முழங்கையில் காயம் காய்ந்துகொண்டிருந்தது.

பையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பிறகு சிரித்தாள்.

"ஒண்ணு கொறையுதுன்னு வீடு பூராந் தேடிட்டிருந்தேன். தெரிஞ்சு போச்சுங்களாக்கா?"

"சொல்லிட்டு வெச்சிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எடுத்து வீசியிருப்பீங்களே."

வீசித்தான் இருப்பேன். காபி போட்டுக் கொடுத்தாள். நான் அவளுக்குக் கேட்காமல் விட்ட காபி. இங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று டம்ளரை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"யாரோ எம்மேல புகார் எழுதிப் போட்டிருக்காங்களாமுங்க்கா. அந்தக் கடை மேடம் இப்பத்தான் போன்ல சொன்னாங்க. நான் வெந்நிப் பை வெச்சனாமா. யாருன்னு பேரே போடலயாமுங்க்கா. நாளைக்கு உங்க ஊட்டுக்கு வர்றாங்களாமே? எனக்காக ஒரு வார்த்த சொல்றீங்களாக்கா? நீங்க சொன்னா நம்புவாங்க. எடம் உங்களுக்கே இருக்கட்டும். திருட்டுப் பேரு மட்டும் வேண்டாங்க்கா."

சொல்கிறேன் என்றேன். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பச் சாவி போடத் தெரியாமல் நின்றேன்.

மே 31

பத்தே முக்கால். மேஜையில் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று புதிது. மூணே முக்கால், நாலே கால், இரண்டு கலர் மை, அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, பூங்கோதை நல்லவள் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். புகார் எழுதியது யாரென்று யாருக்கும் தெரிய வேண்டாம். ஏழு கடையும் எனக்கு.

ஆனால் வாய் வார்த்தையை வைத்துப் புகாரை எடுக்க மாட்டார்கள். போட்டோ அங்கே இருக்கிறது. அவள் கை என் கிரேட்டுக்குள் இருப்பது தெளிவாகத் தெரிகிறது, நானே எடுத்தது. வைத்தது என்ன, வைத்தவரை எந்த வண்டியை விட்டு யார் இறக்கினார்கள், ஏன் இறக்கினார்கள் என்பதெல்லாம் தேதி போட்டு இந்தப் பழைய நோட்டில்தான் எழுதியிருக்கிறது. நானே எழுதியது. டீக்கடைத் தட்டி, தக்காளி, மாம்பழக் கலர் சேலை எல்லாமும் அதோடு போகும். அந்தப் பெண் வாசித்துவிட்டு என்னை என்னவென்று நினைப்பாள்? பூங்கோதைக்கும் வாசித்துக் காட்டுவாள். காட்டட்டும்.

ஜூன் முதல் தேதி அந்த அலமாரியில் பச்சை லேபிள் மட்டும் இருக்கும். நினைத்தாலே வயிறு எரிகிறது. இதை எழுதும்போதும் எரிகிறது. அது இன்றைக்கு நிற்கும் என்று தோன்றவில்லை.

புது நோட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டுக் கதவைத் திறக்கிறேன். முன்கூட்டியே எழுதியிருந்த இரண்டு நாலையும் அடித்துவிட்டேன்.

காலை 13. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து எழுதியது.
மாலை இன்னும் ஆகவில்லை.